ஒன்றையொன்று மறைக்கும் பிணிகள்: இருதய வால்வு நோயின் வரலாறும் ஊவா மலைநாடும்

மனிதன் நோயைக் கண்டறிந்த வரலாறு ஒருவகையில் அவனுடைய புலன்கள் விரிந்த வரலாறேயாகும். கண்ணாலும் கையாலும் மட்டும் நோய் நாடிய காலம் சென்று, நெஞ்சிற் குழாய் வைத்துக் கேட்ட காலமும், கதிர் பாய்ச்சி நோக்கிய காலமும், காதுக்கெட்டாத ஒலியை உடலுட் செலுத்தி அதன் எதிரொலியைப் படமாக்கிக் காணும் காலமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இதனை வெற்றிகளின் வரிசையாக எழுதுவோர் பலர். ஆயின், இருதய வால்வுகளைப் பற்றும் நோயை எடுத்து ஆராயுமிடத்து வேறோர் உண்மை புலப்படுகின்றது. ஒரு வால்வு மாத்திரம் பழுதுற்றவிடத்து உண்மை கூறிய கருவிகள், இரண்டு வால்வுகள் ஒருங்கே பழுதுற்றவிடத்து வைத்தியரை ஏமாற்றின. அவ்வேமாற்றமே அடுத்த கருவியைத் தேடத் தூண்டிற்று. இதனை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊவா மலைநாட்டில் வாழும் நமக்கு இப்பொருள் அந்நியமானதன்று. பசறை, லுணுகலை, நமுனுகுலை, தெமோதரை, அப்புத்தளை ஆகிய பகுதிகளின் தேயிலை மலைகளில் ஏறும்போது மூச்சு வாங்குகின்றதெனக் கூறும் பெண்ணொருத்தியை அறியாதார் நம்மிடையே இலர். அம்மூச்சின் காரணம் இளமையில் வந்துபோன ஒரு காய்ச்சலாக இருத்தல் கூடும் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

இருதயத்தின் வாயில்கள்

இருதயம் நான்கு அறைகளையுடையது. மேலறைகள் இரண்டும் இரத்தத்தை ஏற்கின்றன. கீழறைகள் இரண்டும் அதனை வெளியே தள்ளுகின்றன. இடப்புறத்து மேலறைக்கும் கீழறைக்கும் இடையே இருகூர் வால்வும், வலப்புறத்து அறைகளுக்கிடையே முக்கூர் வால்வும் உள்ளன. இடக்கீழறையிலிருந்து உடலெங்கும் இரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெருநாடியின் வாயிலில் ஒரு வால்வும், வலக்கீழறையிலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் நாடியின் வாயிலில் ஒரு வால்வும் உள்ளன. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓரிலட்சம் முறை இவ்வால்வுகள் திறந்து மூடுகின்றன. ஓய்ந்திருக்கும் ஒருவரின் இருதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லீற்றர் இரத்தத்தைச் செலுத்துகின்றது.

வால்வுக்கு நேரும் கேடு இருவகைப்படும். நன்கு திறவாது வழி சுருங்குதல் ஒடுக்கம். நன்கு மூடாது இரத்தம் வந்தவழியே திரும்புதல் பின்னொழுக்கு. ஒரே வால்வில் இவ்விரண்டும் சேர்ந்திருத்தலுண்டு. இரண்டு மூன்று வால்வுகளில் வெவ்வேறு கேடுகள் சேர்ந்திருத்தலுமுண்டு. இச்சேர்க்கை அரிதன்று. ஐரோப்பாவின் 25 நாடுகளில் 2001-ஆம் ஆண்டு செய்யப்பட்ட ஆய்வொன்றில் வால்வு நோயாளருள் ஏறத்தாழ ஐந்திலொருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வால்வுகள் பழுதுற்றிருந்தன. ஆபிரிக்க நாடுகள் பன்னிரண்டும் இந்தியாவும் யேமனும் சேர்ந்த 14 நாடுகளில், மூட்டுவாதக் காய்ச்சலால் வந்த இருதய நோயுடைய 3,343 பேரை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு 2010-களின் நடுப்பகுதியில் வெளியாயிற்று. அங்கோ, நூற்றுக்கு 64 பேருக்குப் பல வால்வுகள் நடுத்தரமாகவோ கடுமையாகவோ பாதிக்கப்பட்டிருந்தன. அவர்களின் இடைநிலை வயது 28. மூவரில் இருவர் பெண்கள். செல்வ நாடுகளில் முதியோரைப் பற்றும் நோய், வறிய நாடுகளில் இளைஞரை, அதிலும் தாய்மையடையும் வயதுப் பெண்களைப் பற்றுகின்றது என்பது இதனால் விளங்கும்.

லயமும் காய்ச்சலும்

ஸ்ரெப்ரோகொக்கசு என்னும் கிருமியால் சிறுவருக்குத் தொண்டை நோவு உண்டாகின்றது. பெரும்பாலோருக்கு அது சில நாளில் ஆறிவிடும். மிகச் சிலருக்கு இரண்டு மூன்று வாரங் கழித்துக் காய்ச்சலும், ஒரு மூட்டிலிருந்து மற்றொரு மூட்டுக்குத் தாவும் வீக்கமும் தோன்றும். இதுவே மூட்டுவாதக் காய்ச்சல். கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் காவற்படை, தன் இருதயத்தையே பகையென மயங்கித் தாக்குவதால் இது விளைகின்றது. மூட்டுவலி சுவடின்றி மறையும்; வால்வில் நேர்ந்த புண்ணோ ஆறும்போது தழும்பாகி, ஆண்டுகள் செல்லச் செல்லத் தடிக்கும். இத்தாக்குதல் ஒரு வால்வுக்கென வரையறுக்கப்பட்டதன்று. இருகூர் வால்வு பெரும்பாலும் முதலிற் பழுதுறும். பெருநாடி வால்வு அதனை அடுத்து நிற்கும். முக்கூர் வால்வும் பல சமயங்களில் உடன்படும். பல வால்வுகள் ஒருங்கே கெடுவதற்கு இதுவே தலையாய காரணம்.

இக்கிருமி ஒருவர் மூச்சிலிருந்து மற்றொருவருக்குத் தாவுவது. ஆதலின், நெருங்கி உறங்குவோரிடையே இந்நோய் பெருகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன், எடின்பரோ முதலிய நகரங்களின் நெருக்கமான குடியிருப்புகளில் இது மலிந்திருந்தது. வெப்ப நாடுகளில் இஃது அரிதென்று மேனாட்டு வைத்தியர் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அக்கருத்துப் பிழையென இந்திய வைத்தியர்களே நிறுவினர். பர்மாவிற் பிறந்த தமிழ்ப்பெண்மணியாகிய டொக்டர் சி. பத்மாவதி அவர்கள் 1950-களில் டெல்லியில் இருதய நோய்க்கெனத் தனிச் சிகிச்சை நிலையம் கண்டு, இந்நோயின் பரப்பை ஆராய்ந்தார். நூறாண்டு கடந்து வாழ்ந்து 2020-இல் மறைந்தார். 1963-இல் சுஜாய் ரோய் என்பவரும் அவர்தம் தோழரும் இந்தியாவில் இருபது வயதும் நிரம்பாதாரிடத்தே இருகூர் வால்வு கடுமையாக ஒடுங்கிக் கிடத்தலை விவரித்தனர். மேலைநாட்டில் நாற்பதாம் வயதிற் காணப்படுவது இங்கே பதினைந்தாம் வயதிற் காணப்பட்டது.

இனி நம் மலைநாட்டை நோக்குவோம். 1869-இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின் தேயிலை வளர்ந்தது. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் ஆகிய இடங்களிலிருந்து வந்த மக்கள் லயங்களிற் குடியேற்றப்பட்டனர். 10 அடிக்கு 12 அடி அளவான ஒரு காம்பராவில் ஒரு குடும்பம் உண்டது, உறங்கியது, பிள்ளை பெற்றது. மூன்று தலைமுறை ஒரே காம்பராவில் முடங்கிக் கிடந்ததும் உண்டு. தொண்டையிலிருந்து தொண்டைக்குத் தாவும் கிருமிக்கு இதனினும் வாய்ப்பான இடம் வேறில்லை.

தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென 1872-ஆம் ஆண்டிலும், விரிவாக 1912-ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. தோட்டந்தோறும் மருந்துச்சாலையும், வட்டாரந்தோறும் வைத்தியசாலையும் எழலாயின. வாந்திபேதி, அம்மை, கொக்கிப்புழு ஆகியவற்றைத் தடுத்தலே அக்காலத்து முதற் கவலையாயிருந்தது. கொக்கிப்புழு இரத்தசோகையை உண்டாக்கும். இரத்தசோகையோ மூச்சு வாங்கலை உண்டாக்கும். எனவே, மலையேற மாட்டாத ஒருத்தியை இரத்தசோகைக்காரி என்று கொண்டு இரும்புச்சத்து மருந்து கொடுத்தனுப்புதல் எளிது. நெஞ்சில் முணுமுணுப்பு ஒலி கேட்டாலும் அதனையும் சோகையின்மேற் சாத்தலாம். இரத்தம் மெலிந்தவிடத்து அத்தகைய ஒலி கேட்பதுண்டு. இங்ஙனம் வால்வு நோய் பிற நோய்க்குப் பின்னே ஒளிந்தது. அது தன் இனத்துக்குள்ளேயே ஒளியும் விதத்தை இனிக் காண்போம்.

காதை ஏமாற்றிய இரட்டை நோய்

பிரான்சு தேசத்து வியூசென் என்பார் 1715-இல் வெளியிட்ட நூலில், இறந்தோர் உடலை அறுத்துக் கண்ட வால்வுக் கேடுகளை விவரித்துள்ளார். உயிருள்ளோரிடத்தில் அவற்றை அறிய வழி பிறந்தது 1816-இல். பாரிசு நகரத்து இலன்னெக் என்னும் வைத்தியர் தாளைக் குழாயாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். பின்னர் மரக்குழாய் செய்தார். ஸ்தெதஸ்கோப் பிறந்தது. 1832-இல் டப்ளின் நகரத்துக் கொரிகன், பெருநாடி வால்விற் பின்னொழுக்குடையாரின் நாடி துள்ளி எழுந்து உடனே சரிவதை விளக்கினார். ஒவ்வொரு வால்வுக்கும் ஒவ்வோர் ஒலி, ஒவ்வொரு கேட்டுக்கும் ஒவ்வோர் அடையாளம் என்னும் நம்பிக்கை வேரூன்றியது.

அந்நம்பிக்கையை அசைத்தவர் அமெரிக்கரான ஒஸ்ரின் பிளின்ற். இருகூர் வால்வு ஒடுங்கியோரிடத்துக் கேட்கும் தனியொலி, பெருநாடி வால்விற் பின்னொழுக்குடைய இருவரிடத்தும் கேட்டது. அவர்கள் இறந்தபின் அறுத்துப் பார்க்கையில் இருகூர் வால்வு பழுதின்றி இருந்தது. 1862-இல் அவர் இதனை வெளியிட்டார். பெருநாடியிலிருந்து திரும்பிப் பாயும் இரத்தம், இருகூர் வால்வின் இதழைத் தாக்கி அதனைத் திறக்கவிடாமற் செய்து, இல்லாத ஒடுக்கத்தின் ஒலியை எழுப்புகின்றது. ஒரு வால்வு கெட்டிருக்க இரண்டு கெட்டதாகக் காது சாட்சி சொல்லிற்று.

இதன் மறுதலையும் உண்டு; அதுவே நோயாளருக்கு மிகவும் ஆபத்தானது. இருகூர் வால்வும் பெருநாடி வால்வும் ஒருங்கே ஒடுங்கியுள்ளன என்க. முதல் வாயில் சுருங்கியதால் இடக்கீழறைக்கு வந்துசேரும் இரத்தமே குறைவு. குறைந்த இரத்தம் இரண்டாம் வாயிலைக் கடக்கையில் ஓசையும் குறையும். வால்வின் இருபுறத்து அமுக்க வேறுபாடும் குறையும். மேல்மடை அடைபட்டவிடத்துக் கீழ்மடையின் அடைப்பை அறியமாட்டாத உழவனைப்போல், வைத்தியர் பெருநாடி வால்வு சிறிதே பழுதுற்றதென எண்ணுவார். மேல்மடையைத் திறந்துவிட்டால் நிகழ்வது யாது? பெருகிவந்த இரத்தம் கீழ்மடையில் முட்டும், கீழறை தாங்கமாட்டாது, நுரையீரலில் நீர் கோக்கும்.

வேறு சேர்க்கைகளும் இங்ஙனமே. இருகூர் வால்வு ஒடுங்கியிருக்கப் பெருநாடி வால்விற் பின்னொழுக்கும் இருந்தால், கொரிகன் கூறிய துள்ளும் நாடி மங்கிவிடும். பெருநாடி வால்வு ஒடுங்கியிருக்க இருகூர் வால்விற் பின்னொழுக்கு இருந்தால், கீழறையின் மிகுந்த அமுக்கம் பின்னொழுக்கைப் பெருக்கும். பின்னோக்கிச் செல்வது பெருகுதலால் முன்னோக்கிச் செல்வது குறைந்து, பெருநாடி வால்வின் ஒடுக்கம் மறையும். இரண்டு வால்வுகளிலும் பின்னொழுக்கானால், கீழறை இருமடங்கு சுமை சுமந்து விரிந்து தளரும். நடுத்தரமான நோய்கள் இரண்டு சேர்ந்து கடுமையான நோயொன்றின் துன்பத்தைத் தருவதுண்டு. தனித்தனியே நோக்குவோர் இரண்டும் சிறிதென்று கூறுவர். சுமக்கும் நோயாளிக்கோ அவை ஒரே சுமை.

விரலும் கத்தியும்

1895-இல் றொன்ற்ஜன் கண்ட எக்ஸ் கதிர், இருதயத்தின் நிழலுருவைக் காட்டிற்று. மேலறை பருத்ததும் கீழறை விரிந்ததும் தெரிந்தன. எனினும் வால்வின் அசைவு நிழலிற் புலப்படவில்லை.

1925-ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டன் மாநகரில் ஹென்றி சூட்டர் என்னும் அறுவை வைத்தியர் எவரும் துணியாத செயலைத் துணிந்தார். இருகூர் வால்வு ஒடுங்கியதென அறியப்பட்ட இளம்பெண்ணொருத்தியின் மேலறையிற் சிறு துளையிட்டுத் தம் விரலைச் செலுத்தி, துடிக்கும் வால்வைத் தொட்டறிந்தார். வால்வை வெட்டுதலே அவருடைய எண்ணம். விரல் கண்டதோ வேறு. ஒடுக்கம் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை, பின்னொழுக்கும் உடனிருந்தது. வெட்டினாற் பின்னொழுக்குப் பெருகும். எனவே கத்தியை விலக்கி, விரலால் மட்டும் வாயிலைச் சிறிது விரித்து மீண்டார். அப்பெண் பிழைத்தாள். ஒரே வால்வில் ஒடுக்கமும் பின்னொழுக்கும் சேர்ந்திருக்குமாயின் காதும் கதிரும் போதா என்பதை அவ்விரல் உணர்த்திற்று.

சூட்டருக்கு அதன்பின் அத்தகைய நோயாளர் அனுப்பப்படவில்லை. இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 1948-இல், அமெரிக்காவில் பெய்லியும் ஹாக்கனும், இங்கிலாந்தில் புறொக்கும் அவ்வறுவையை மீட்டெடுத்தனர். ஒடுங்கிய வால்வைத் திறக்க வழி பிறந்தவுடன், எவருக்குத் திறக்கலாம், எவருக்குத் திறத்தல் தீங்கு என்னும் கேள்வி உயிர்க்கேள்வியாயிற்று.

அதற்கு விடைகாண முயன்றது நாளத்தின்வழி இருதயத்துட் செலுத்தும் மெல்லிய குழாய். 1929-இல் ஜெர்மனி தேசத்துப் போர்ஸ்மன் தம் கையிலேயே அதனைச் செலுத்திப் பார்த்தார். அமெரிக்காவிற் கூர்னானும் றிச்சாட்சும் அதனை வளர்த்தனர். மூவரும் 1956-இல் நோபல் பரிசு பெற்றனர். 1951-இல் கோர்லின் இருவர், குழாயால் அறிந்த அமுக்க வேறுபாட்டையும் இரத்த ஓட்டத்தையும் கொண்டு வால்வின் பரப்பைக் கணிக்கும் சூத்திரம் தந்தனர். ஆயின், அச்சூத்திரத்தில் இடப்படும் ஓட்டம் உடலுக்குச் செல்லும் ஓட்டம். பின்னொழுக்கு உள்ளவிடத்து வால்வைக் கடப்பது அதனினும் மிகுதி. எனவே ஒடுக்கத்தோடு பின்னொழுக்கும் சேர்ந்தாற் சூத்திரம் வாயிலை உள்ளதினும் சிறிதாகக் காட்டும். இரட்டை நோய் இங்கும் கணக்கைக் கலைத்தது.

எதிரொலியின் பிறப்பு

சுவீடன் தேசத்து லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்னும் வைத்தியர், இருகூர் வால்வு அறுவைக்கு நோயாளரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஏற்றிருந்தார். ஒடுக்கத்தோடு பின்னொழுக்கும் மறைந்துள்ளதோ என்பதே அவரை வருத்திய ஐயம். போர்க்காலத்துக் கப்பல்களைத் தொலைவிலேயே அறிய உதவிய அலைகளைப்போல ஏதேனும் இருதயத்துக்கும் உதவுமோ என அவர் வினவினார். பௌதிகவியலாளரான கால் ஹெல்முத் ஹேர்ட்ஸ் அவ்வினாவுக்கு விடை தந்தார். இவர் நோபல் பரிசு பெற்ற குஸ்தாவ் ஹேர்ட்சின் மகன். வானொலி அலைகளை முதலிற் காட்டிய ஹைன்றிச் ஹேர்ட்சின் குடும்பத்தவர். உலோகத்தில் வெடிப்புளதோ எனச் சோதிக்கும் கழியொலிக் கருவியொன்று மால்மோ நகரத்துக் கப்பற் கட்டுந்துறையில் இருந்தது. அத்தகைய கருவியொன்றைக் கொண்டு, 1953-ஆம் ஆண்டு ஒக்டோபர் 29-ஆம் நாள் இருவரும் இருதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தனர்.

படத்தில் அசைந்த கோடொன்று மேலறைச் சுவரிலிருந்து வருவதென முதலில் எண்ணினர். இறந்தோர் உடலை ஆராய்ந்தபின், அது இருகூர் வால்வின் முன்னிதழிலிருந்து வருவதென அறிந்தனர். ஒடுங்கிய வால்வில் அவ்விதழ் மெல்லச் சரிந்தது. நல்ல வால்வில் விரைந்து சரிந்தது. இன்று எங்கும் வழங்கும் ‘எக்கோ’ என்னும் சோதனை, இரு கேடுகள் ஒன்றையொன்று மறைத்த இடர்ப்பாட்டிலிருந்தே பிறந்தது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளற்பாலது.

1970-களில் ஒற்றைக்கோடு விரிந்து இருதயத்தின் வெட்டுமுகப் படமாயிற்று. நோர்வே நாட்டு ஹோலன் என்பாரும், அவரைத் தொடர்ந்து லிவ் ஹாட்லே என்னும் பெண் வைத்தியரும், பாயும் இரத்தத்திற் பட்டு மீளும் ஒலியின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு இரத்தத்தின் வேகத்தையும், அதனின்று அமுக்க வேறுபாட்டையும் கணித்தனர். 1980-களில் யப்பானியர் ஓட்டத்தை நிறத்தாற் காட்டினர். குழாயின்றி, ஊசியின்றி, நோவின்றி வால்வைக் காணும் காலம் வந்தது.

எதிரொலியும் ஏமாறுமிடம்

கண் முன்னே வால்வு அசைவதைக் கண்டபின் இனி ஏமாற்றமில்லை என எண்ணல் வேண்டா. ஓர் எடுத்துக்காட்டு. இருகூர் வால்வின் பரப்பைக் கணிக்க ஹாட்லே தந்த முறை எளியது. மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலான அமுக்க வேறுபாடு பாதியாகக் குறையும் நேரத்தை மில்லிசெக்கனில் அளந்து, 220-ஐ அதனால் வகுத்தல் வேண்டும். நேரம் 220 ஆயின் பரப்பு 1 சதுர சென்றிமீற்றர். இது மிகக் கடுமையான ஒடுக்கம். நல்ல வால்வின் பரப்போ 4 முதல் 6 வரை. இனி, அதே நோயாளிக்குப் பெருநாடி வால்விற் கடுமையான பின்னொழுக்கும் உண்டென்க. கீழறையைப் பெருநாடியிலிருந்து திரும்பும் இரத்தமும் நிரப்புதலால் அமுக்க வேறுபாடு விரைந்து குறைகின்றது. நேரம் 150 என வந்தாற் பரப்பு ஏறத்தாழ 1.5 எனக் கணக்காகும். வாயில் விரியவில்லை, கணக்கே விரிந்தது.

பெருநாடி வால்விலும் இவ்வாறே. அமுக்க வேறுபாடு சராசரி 40 மில்லிமீற்றர் இரசத்தை எட்டினால் ஒடுக்கம் கடுமையானது என்பது பொதுவிதி. இருகூர் வால்வின் கேட்டால் ஓட்டம் குறைந்தவிடத்து, வாயில் 1 சதுர சென்றிமீற்றருக்குக் குறைவாயிருந்தும் அமுக்க வேறுபாடு 40-ஐ எட்டாது. இருகூர் வால்வின் பின்னொழுக்கு வேகத்தைப் பெருநாடியின் வேகமெனத் தவறாக அளத்தலும் நிகழும்; இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஒரே திசையிற் பாய்வன.

ஆதலின், பல வால்வுகள் கெட்டவிடத்து ஓர் அளவையை மட்டும் நம்பலாகாது என்பது இன்றைய வைத்தியரின் கொள்கை. ஓட்டத்தைச் சாராத அளவைகள் முதன்மை பெறுகின்றன. வால்வின் வாயிலைப் படத்தில் நேரே வரைந்து பரப்பை அளத்தல், முப்பரிமாண எதிரொலிப் படம், வால்விற் படிந்த சுண்ணத்தைக் கணினிக் கதிர்ப்படத்தால் அளத்தல், காந்தப் படத்தால் ஓட்டத்தை அறிதல் என்பன அவை. இவற்றுக்கெல்லாம் மேலாக, நோயாளி கூறுவதைக் கேட்டல் வேண்டும். படத்திற் சிறு நோயும் நடையிற் பெருந்துன்பமும் காணப்படுமாயின், பிழை பெரும்பாலும் படத்தைப் படித்த முறையிலேயே உளது.

நோயாளி கூறுவதைக் கேட்பதற்கு அவர் மொழி வேண்டும். மானிப்பாயிற் பணிபுரிந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அம்முயற்சி மலைநாட்டை எட்டவில்லை. ‘எத்தனை லயம் ஏறினால் மூச்சு வாங்கும்? சிறுவயதில் மூட்டு வீங்கிற்றா?’ என்னும் இரு வினாக்களை நோயாளியின் மொழியிற் கேட்டறிதல், விலையுயர்ந்த கருவியொன்றுக்கு ஈடாகும்.

நோயாளரின் வழி

இருகூர் வால்வு மட்டும் ஒடுங்கியோருக்கு நல்வழிகள் தோன்றின. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், மூடிய முறையில் வால்வைத் திறக்கப்பெற்ற 3,724 நோயாளரின் வரலாற்றை ஸ்டான்லி ஜோனும் அவர்தம் குழுவினரும் 1983-இல் வெளியிட்டனர். உலகம் வியந்த பெருந்தொகுதி அது. யப்பானியரான இனோவே, நாளத்தின்வழி செலுத்திய பலூனால் வால்வை விரிக்கும் முறையை 1984-இல் வெளியிட்டார். நெஞ்சைப் பிளவாமலே வால்வு திறந்தது.

இரண்டு வால்வுகள் கெட்டோருக்கோ இவ்வெளிய வழி பெரும்பாலும் அடைபட்டது. கடுமையான பின்னொழுக்கு உடனிருந்தாற் பலூன் உதவாது. செயற்கை வால்வுகளே வேண்டும். சில வேளை இரண்டு வேண்டும். 1960-இல் அமெரிக்காவில் ஸ்ரார், எட்வேட்ஸ் என்பார் பந்து வடிவ வால்வைப் பொருத்தினர். வெளிநாட்டு வால்வின் விலை ஏழைக்கு எட்டாமையால், திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டொக்டர் வலியத்தான் தலைமையில் குறைந்த விலை வால்வு ஆக்கப்பட்டு, 1990 டிசம்பரில் முதன்முறையாக ஒருவருக்குப் பொருத்தப்பட்டது.

உலோக வால்வு பெற்றவர் இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மருந்துண்ண வேண்டும். மருந்தின் அளவைக் காலந்தோறும் இரத்தச் சோதனையால் திருத்தவேண்டும். அளவு குறைந்தால் வால்விற் கட்டி உறையும். மிகுந்தால் இரத்தம் பெருகும். கருவுற்ற பெண்ணுக்கு அம்மருந்து பெருஞ்சிக்கல். பேறுகாலத்தில் உடலின் இரத்த அளவு ஏறத்தாழ பாதியளவு மிகுதலால், ஒடுங்கிய வால்வுடையாளின் மூச்சுத் துன்பம் முதன்முதலாக வெளிப்படுவதும் அப்போதுதான். நாட்கூலி பெறுபவளுக்குக் கிளினிக் நாள் சம்பளமற்ற நாள்.

பதுளைக்கு 1924-இல் புகையிரதம் வந்தது. கொழும்பு சுமார் 290 கிலோமீற்றர் தொலைவில் உளது. இன்று பதுளை நகரத்துப் பெரிய வைத்தியசாலையிலேயே எதிரொலிப் படம் எடுக்கலாம். எனினும் மலையுச்சி லயத்திலிருந்து பதுளை வருதலே பலருக்கு ஒருநாட் பயணம்.

தடுக்கும் வழி

இந்நோயின் வரலாற்றில் மிகவும் பயன்தந்த ஆய்வு கருவிகளைப் பற்றியதன்று. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து விமானப்படைத் தளமொன்றில், நெருக்கமாகத் தங்கிய இளைஞரிடையே தொண்டை நோவு பரவியது. ஏறத்தாழ 800 பேருக்குப் பெனிசிலின் கொடுத்தனர். ஏறத்தாழ அதே தொகையினருக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கப்படாதோரில் 17 பேருக்கும், கொடுக்கப்பட்டோரில் இருவருக்கும் மாத்திரமே மூட்டுவாதக் காய்ச்சல் வந்தது. 1950-இல் வெளியான இம்முடிவு, வால்வு நோயைத் தொண்டையிலேயே தடுக்கலாம் என நிறுவிற்று. படைவீரரின் நெருக்கமும் லயத்தின் நெருக்கமும் கிருமிக்கு ஒன்றே.

ஒருமுறை காய்ச்சல் வந்தவருக்கு மற்றொரு காவல் உண்டு. மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கொருமுறை நீண்டநாட் செயற்படும் பெனிசிலின் ஊசி ஏற்றுதல் வேண்டும். இருதயம் பழுதுறாதோர் குறைந்தது ஐந்தாண்டும், பழுதுற்றோர் பத்தாண்டும் அதற்கு மேலும் ஏற்றுதல் முறை. ஒவ்வொரு முறை காய்ச்சல் திரும்பும்போதும் வால்வுகள் மேலும் கெடும். ஒன்று கெட்டிருந்தவிடத்து இரண்டாவது கெடும். ஒரு நோய் இரட்டை நோயாகாது தடுப்பது இவ்வூசியே.

பத்தாண்டு தொடரும் மருந்துக்குப் பத்தாண்டு தொடரும் பதிவேடு வேண்டும். ஓரிடத்தில் நிலைத்த வாழ்வு வேண்டும். மலையகத்தாருக்கு அது வாய்த்ததா? 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கிற்று. 1964-இன் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. தோட்டங்கள் 1972-இலும் 1975-இலும் அரசுடைமையாகி, 1992-இல் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்துட் சென்றன. இத்தனை கைமாற்றங்களுக்கிடையே ஒரு பிள்ளையின் ஊசிச்சீட்டு எவர் கையிற் பத்திரமாக இருந்திருக்கும்? வால்வு நோயை வளர்த்தது கிருமி மாத்திரமன்று. தொடர்பறுந்த வாழ்வும் அதற்குத் துணைபோயிற்று.

2018-இல் உலக சுகாதாரப் பேரவை மூட்டுவாத இருதய நோயை ஒழிக்க உறுப்புநாடுகளைத் தூண்டும் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. தீர்மானம் ஜெனீவாவில் நிறைவேறினும், செயல் லயத்திலும் பாடசாலையிலுமே நிகழல் வேண்டும். மருந்தென்னும் அதிகாரத்திலே வள்ளுவர் வைத்தியத்துக்கு நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து பணிசெய்வோன் என நான்கு உறுப்புகளை வகுத்தார். முதல் மூன்றையும் பற்றியே பெரும்பாலும் பேசுகின்றோம். நான்காவது உறுப்பு, தொண்டை நோவென்று அழும் பிள்ளையை மருந்துச்சாலைக்கு அழைத்துச்செல்லும் தாய். மூட்டு வீங்கி வகுப்பில் முடங்கியிருக்கும் மாணவனை ‘வளர்ச்சி நோவு’ என்று தள்ளிவிடாது பெற்றோருக்கு அறிவிக்கும் ஆசிரியன். ஊசி நாளுக்குக் கூலி குறையாது விடுப்பளிக்கும் தோட்ட நிருவாகம்.

இலன்னெக்கின் குழாய்முதல் லுண்ட் நகரத்து எதிரொலிவரை வந்த கருவிகளெல்லாம், இருதயத்தைப் பகுதி பகுதியாக நோக்காது முழுமையாக நோக்கவேண்டும் என்பதையே பட்டுணர்ந்தன. நோயாளியையும் அவ்வாறே நோக்குதல் வேண்டும். அவளுடைய வால்வுகளோடு அவள் உறங்கும் காம்பராவையும், ஏறும் மலையையும், இழக்கும் நாட்கூலியையும் சேர்த்து நோக்கும் வைத்தியமே முழு வைத்தியம். நம் மாணவருள் எவரேனும் வைத்தியராகி இம்மலைகளுக்குத் திரும்புவராயின், அந்நோக்கோடு திரும்புவாராக.